நன்னூல் கூறும் பாடங்கேட்டல் முறையும் இன்றைய செயல்வழிக் கல்வியும் – கீழ்வேளூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாணவர் தாமே ஈடுபட்டுக் கற்கும் முறைகள் தமிழகப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி, எண்ணும் எழுத்தும் ஆகிய பெயர்களில் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றின் கொள்கை அடிப்படையாக மேலைநாட்டுக் கல்வியியல் சிந்தனைகளே பெரிதும் சுட்டப்பெறுகின்றன. நன்னூல் பொதுப்பாயிரம், புலமையின் நான்கு கூறுகளுள் ஒன்றை ஆசிரியருக்கும், ஒன்றை உடன்பயில்வோருக்கும், எஞ்சிய இரண்டைப் பிறர்க்கு எடுத்துரைத்தலுக்கும் பகிர்ந்தளிக்கிறது. இப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு இன்றைய முறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எடுத்துரைத்தல் என்னும் பாதிப்பங்கு இன்றைய வகுப்பறையில் எல்லா மாணவர்க்கும் கிடைக்க வழியில்லை என்பதையும், கீழ்வேளூர் போன்ற வேளாண் தொழிலாளர் மிகுந்த வட்டாரத்தில் அப்பங்கு சமூக முதன்மை உடையது என்பதையும் நிறுவி, அதற்கேற்ற வகுப்பறை மாதிரி ஒன்றையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், பாடங்கேட்டல், செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி, எடுத்துரைத்தல், கீழ்வேளூர்.

முன்னுரை

ஆசிரியர் சொல்ல மாணவர் செவிமடுக்கும் வகுப்பறை போதுமானதன்று என்னும் கருத்து இன்று கல்வியுலகில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1991இல் பான்வெல், ஐசன் ஆகியோர் வெளியிட்ட நூல், மாணவர் ஒன்றைச் செய்வதோடு தாம் செய்வதைக் குறித்துச் சிந்திக்கவும் வேண்டும் என வலியுறுத்தியது. 2014இல் ஃப்ரீமனும் உடனாய்வாளரும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் தொடர்பான 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை மட்டும் நிகழ்ந்த வகுப்புகளில் தோல்வி விழுக்காடு 33.8 ஆகவும், மாணவர் ஈடுபாட்டுடன் கற்ற வகுப்புகளில் 21.8 ஆகவும் இருந்ததை அவர்கள் கண்டனர்.

இம்முடிவுகளைத் தமிழ்ச்சூழலுக்குக் கொண்டுவரும்போது, மரபுவழித் தமிழ்க்கல்வி முழுவதும் மனப்பாடமும் செவிமடுத்தலுமே என்றொரு முற்கோளும் உடன்வருகிறது. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் பெரும்பங்கு வகித்தது உண்மையே. எனினும் அப்பள்ளிகளில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்த இத்தகைய நாட்டுப்புறப் பள்ளி வழக்கத்தையும், மணலில் எழுதிப் பயிலும் வழக்கத்தையும் சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் கையாண்டார். அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை அங்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. எனவே மரபில் என்ன இருந்தது, எது இல்லாதிருந்தது என்பதை இலக்கணச் சான்றுகொண்டே அறிதல் வேண்டும். அதற்கு நன்னூல் பாயிரம் துணைசெய்கிறது.

கேட்டல் என்னும் சொல்லின் இருபொருள்

தமிழில் 'கேள்' என்னும் வினை செவியால் ஏற்றலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். 'கேள்வி' என்னும் பெயரும் அவ்வாறே. திருக்குறளில் கேள்வி என்னும் 42ஆம் அதிகாரம் கற்றோரிடம் செவிவழிப் பெறும் அறிவைப் பேசுகிறது. இன்றைய வழக்கில் அச்சொல்லே வினாவைச் சுட்டுகிறது. செவிமடுப்போன் வாளா இருப்பவன், வினவுவோன் செயற்படுபவன் என்னும் எதிர்நிலை இச்சொல்லுக்குள் இல்லை.

நன்னூல் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என ஐந்தன் வரலாற்றை உரைக்கிறது. இவற்றுள் பாடங்கேட்டல் தனிப்பகுதியாக அமைந்திருப்பது கருதத்தக்கது. கற்பித்தலுக்கு ஒரு முறை இருப்பதுபோலக் கற்றலுக்கும் ஒரு முறை உண்டு என்பது இவ்வமைப்பால் பெறப்படுகிறது. உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் அறிதல், கற்ற பாடத்தைப் போற்றி வைத்தல், கேட்டதை மீள எண்ணிப் பார்த்தல், ஐயம் நீங்க ஆசிரியரை அணுகி மீண்டும் கேட்டல், தகுதியுடைய உடன்மாணவரோடு பயிலுதல், அவரிடம் வினவுதல், அவர் வினவியவற்றுக்கு விடையிறுத்தல் எனக் கற்போனின் கடமைகளை அப்பகுதி வகுக்கிறது. இவை அனைத்தும் மாணவன் செய்ய வேண்டிய செயல்கள். பாடங்கேட்டல் என்னும் தலைப்பின்கீழ் வினாதலும் விடையிறுத்தலும் அடங்கியிருப்பது, மேற்சுட்டிய சொற்பொருளோடும் ஒத்துச் செல்கிறது.

நன்னூலின் கால்கணக்கு

இப்பகுதியின் முடிவில் நன்னூலார் ஒரு கணக்கைத் தருகிறார். ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்பானாயின் நூலில் பிழையின்றித் தேர்வான். மும்முறை கேட்பின் அதன் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் நிலை பெறுவான். ஆயினும் ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்ளத்துக் கொண்டாலும் அவன் பெறுவது புலமையில் காற்கூறு மட்டுமே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் வந்துசேரும். மாணாக்கர்க்கும் பிறர்க்கும் செம்மையாக விரித்துரைப்பதால் எஞ்சிய இரண்டு கால்களும் நிரம்பும். அப்போதே புலமை குற்றமற்றதாகும்.

இக்கணக்கில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஆசிரியரின் பங்கு கால் எனினும் அதுவே முதற்கால். மும்முறை கேட்டல் நிகழ்ந்த பின்னரே உரைத்தல் தொடங்குகிறது. இரண்டு, உடன்பயில்வோரின் பங்கு ஆசிரியரின் பங்குக்கு நிகரானது. மூன்று, உரைத்தலின் பயன் இங்குக் கேட்போர் நோக்கில் கணக்கிடப்படவில்லை. உரைப்போன் நோக்கிலேயே கணக்கிடப்படுகிறது. பிறர்க்குச் சொல்வதால் சொல்பவனே கற்கிறான் என்பதே இதன் கருத்து.

திருவள்ளுவரும் சொல்வன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (650), தாம் கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துச் சொல்ல இயலாதவரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிடுகிறார். கல்வி என்பது உரைத்தலில் நிறைவுறும் என்னும் கருத்து நன்னூலுக்கு முன்பே தமிழில் நிலைபெற்றிருந்தமைக்கு இது சான்றாகிறது.

கும்பகோணத்தில் ஒரு சான்று

நன்னூலாரின் கணக்குக்குக் காவிரிப் படுகையிலேயே சிறந்த சான்றொன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1876இல் பிள்ளை மறைந்த பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கி, இளைய மாணவர்க்குப் பாடமும் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, அவர் படித்த நூல்களை வினவினார். பின்னர்ச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். சாமிநாதையர் அதுவரை அந்நூலைப் பாடங்கேட்டவர் அல்லர்.

அதன்பின் நிகழ்ந்ததே இங்கு முதன்மையானது. சிந்தாமணியைத் தமக்குக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரைச் சாமிநாதையர் பெறவில்லை. அந்நூலை முதலியாருக்குப் பாடம் சொல்ல முற்பட்டார். சொல்ல வேண்டியிருந்தமையால் நச்சினார்க்கினியர் உரையோடு போராடினார். விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். 1887இல் அவரது சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பிள்ளையிடம் பெற்ற பயிற்சி முதற்கால். ஆதீனத்து உடன்மாணவர் கூட்டுறவும் சமணர்களோடு நிகழ்த்திய உரையாடலும் இரண்டாம் கால். பாடம் சொன்னமை எஞ்சிய பாதி. பதிப்பு வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இந்நிகழ்வு, கற்றல் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

செயல்வழிக் கற்றலில் கால்கள்

தமிழகத்தில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. ஆந்திர மாநில ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முயற்சி இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் இதனை முன்னெடுத்தார். 2007–08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு இது விரிவாக்கப்பட்டது. கற்றல் ஏணி, அட்டைகள், மாணவர் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல் ஆகியன வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின.

இம்முறையில் மாணவர் ஆறு குழுக்களாக அமர்வர். ஆசிரியரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், சக மாணவரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், தாமே கற்போர், மதிப்பீட்டுக்குரியோர் என்பன அவை. நன்னூலின் முதல் இரு கால்களும் இங்குத் தெளிவாக இடம்பெற்றுள்ளன. ஆனால் சக மாணவர் உதவி என்பது உதவி பெறுவோரின் படிநிலையாகவே ஏணியில் குறிக்கப்படுகிறது. உதவி செய்யும் மாணவர்க்கு அது ஒரு கற்றல் படியாகக் கணக்கிடப்படவில்லை. ஏணியின் உச்சியில் இருப்பது மதிப்பீடு, உரைத்தல் அன்று. நன்னூலார் பாதி எனக் கணக்கிட்டது ஏணியில் இடம்பெறாமற் போயிற்று.

அதே 2007–08ஆம் ஆண்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி அறிமுகமானது. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்பன இதன் படிகள். இவற்றுள் வழங்குதல் என்பது உரைத்தலுக்கு மிக அண்மையது. ஆயினும் குழுவின் சார்பில் ஒருவர் வழங்கினாலே அப்படி நிறைவுறும். முன்பே பேசப் பழகிய மாணவரிடம் அவ்வாய்ப்பு குவிவதற்கு இவ்வமைப்பு இடந்தருகிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என மாணவரை அடைவுநிலையால் பகுக்கிறது. இது முதற்காலைச் செம்மையாக்கும் முயற்சி. அரும்பு நிலை மாணவன் மலர் நிலை மாணவனுக்கு ஒன்றை எடுத்துரைக்கும் சூழலைத் தனியே உருவாக்கினாலன்றி, இப்பகுப்பில் அவன் என்றும் பெறுவோனாகவே நின்றுவிடக்கூடும்.

வினா யாருடையது?

நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. இப்பகுப்பு பள்ளித் தமிழ்ப் பாடநூலிலும் உள்ளது. தான் விடையறிந்த ஒன்றைப் பிறன் அறிவானா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இரண்டில் எதுவெனத் துணியாது கேட்பது ஐயவினா.

இவ்வளவைக் கொண்டு வகுப்பறையை நோக்கினால், ஆசிரியர் எழுப்புவன பெரும்பாலும் அறிவினாக்களாகவே அமைதல் இயல்பு. வினாத்தாள் முழுவதும் அறிவினாத் தொகுப்பே. அறியாவினாவும் ஐயவினாவும் மாணவரிடமிருந்து எழ வேண்டியவை. ஒரு பாடவேளையில் இவ்விரண்டும் எத்தனை எழுந்தன என எண்ணிப் பார்த்தல், அவ்வகுப்பு எந்த அளவு மாணவர் பங்கேற்புடையது என அறிய எளிய வழியாகும். வினா ஆறு வகைப்படும் என மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், ஓர் ஐயவினாவும் எழுப்பாமலே பள்ளிக்கல்வியை முடிக்கக்கூடும். இலக்கணம் கற்பிக்கப்பட்டும் பயன்பாட்டுக்கு வராத நிலை இது.

நன்னூலின் எல்லையும் கீழ்வேளூரும்

நன்னூலைப் போற்றுமிடத்து அதன் எல்லையையும் சுட்டுதல் நேர்மை. பாடம் பெறத் தகுதியுடையோராகத் தன் மகன், ஆசிரியன் மகன், மன்னன் மகன், பெரும்பொருள் தருவோன், வழிபடுவோன், சொல்வதை ஏற்றுக்கொள்ளும் ஆற்றலாளன் ஆகியோரை அது வகுக்கிறது. பிணியன், மந்தன் உள்ளிட்ட பலரை விலக்குகிறது. பயிலும் முறை பரந்தது, வாயில் குறுகியது. பாடம் சொல்லும் உரிமை யாருக்கு உண்டோ அவருக்கே பாதிப் புலமை வாய்த்தது. பெண்மக்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அவ்வாயில் பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

கீழ்வேளூர் இவ்வினாவை எழுப்புதற்குரிய இடம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே உள்ள இவ்வூர், சம்பந்தராலும் அப்பராலும் பாடப்பெற்ற கேடிலியப்பர் கோயிலை உடையது. எழுத்தறிவு மரபு நெடிது வாழ்ந்த நிலம் இது. பண்ணையடிமை முறை வேரூன்றிய நிலமும் இதுவே. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்ட வட்டாரம் இது. 1968 டிசம்பர் 25இல், இவ்வட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தலித் மக்கள் 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர்.

அம்மக்கள் செய்ததும் கேட்டலே. ஆணையைச் செவிமடுக்கும் கேட்டலிலிருந்து உரிமையை வினவும் கேட்டலுக்கு அவர்கள் நகர்ந்தனர். இவ்வரலாறு உடைய நிலத்தில் வகுப்பறையில் ஒரு குழந்தை எழுந்து வினவுவதும் பிறர்க்கு விளக்கிச் சொல்வதும் கற்பித்தல் உத்தி மட்டுமன்று. முன்தலைமுறைக்கு மறுக்கப்பட்ட பாதிப்பங்கை அக்குழந்தை பெறுவதாகவும் அது அமைகிறது. எல்லார்க்கும் திறந்த வாயில் இன்றைய பொதுப்பள்ளியின் சிறப்பு. அவ்வாயில் வழியே வந்தோர் அனைவர்க்கும் நன்னூலின் நான்கு கால்களும் கிடைக்கின்றனவா என்பதே எஞ்சிய வினா.

கீழ்வேளூருக்கான வகுப்பறை மாதிரி

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது மாணவரிடையே பகைமை நிலவியது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டை மட்டும் தந்தார். ஒவ்வொருவரும் தம் துண்டைப் பிறர்க்கு விளக்கினாலன்றிக் குழுவுக்குப் பாடம் முழுமையாகாது. 'ஜிக்சா' எனப்படும் இம்முறை நன்னூலின் பாதிப்பங்கை எல்லார்க்கும் கட்டாயமாக்குகிறது எனலாம்.

இதனைக் கீழ்வேளூர் வட்டாரத்து ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் மருதத்திணை அறிமுகத்துக்குப் பின்வருமாறு பயன்படுத்தலாம்.

முதற்படியில் ஆசிரியர் திணை, முதல், கரு, உரி ஆகியவற்றை விளக்குகிறார். இது ஆசிரியரின் கால். இதனைச் சுருக்காமல் ஒன்றுக்கு இரண்டுமுறை தெளிவுபடுத்துதல் வேண்டும்.

இரண்டாம் படியில் மாணவர் நான்கு பொருட்குழுக்களாகப் பிரிந்து, வீட்டாரிடமும் ஊராரிடமும் சொற்களைத் திரட்டுகின்றனர். முதற்குழுவுக்கு நாற்றும் நடவும்: நாற்றங்கால், நாற்றுமுடி, நடவு, களையெடுப்பு. இரண்டாம் குழுவுக்கு நீர்: வாய்க்கால், மடை, மதகு, வடிகால். மூன்றாம் குழுவுக்குக் களம்: கதிர்க்கட்டு, போரடித்தல், தூற்றுதல், பதர். நான்காம் குழுவுக்கு அளவை: படி, மரக்கால், கலம் என்னும் முகத்தலளவும், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்னும் நில அளவும். திரட்டியவற்றைக் குழுவுக்குள் ஒப்பிட்டு, ஒருவரையொருவர் வினவித் திருத்துகின்றனர். இது உடன்பயில்வோர் கால்.

மூன்றாம் படியில் குழுக்கள் கலைக்கப்பட்டு, ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒருவர் வீதம் நால்வர் கொண்ட புதிய குழுக்கள் அமைகின்றன. ஒவ்வொருவரும் தம் பொருளை மற்ற மூவர்க்கும் விளக்குகிறார். கேட்போர் ஒவ்வொருவரும் அறியாவினா அல்லது ஐயவினா ஒன்றேனும் எழுப்புதல் விதி. இது உரைத்தலாகிய அரை. இறுதியில் ஆசிரியர் பிழைகளைத் திருத்தி, மருதப் பாடலொன்றில் இச்சொற்களும் சூழலும் பயின்றுவருவதைக் காட்டி வலுவூட்டுகிறார்.

இம்மாதிரியில் அறிவின் திசை மாறுகிறது. நடவுக்குச் செல்லும் தாயின் மகள், நாற்றுமுடியைப் பற்றி வகுப்பில் எவரினும் நன்கு அறிந்தவள். அவள் விளக்க, அரசு ஊழியர் மகனும் நிலவுடைமையாளர் மகளும் வினவிக் கேட்கின்றனர். பாடநூலில் பின்தங்கிய மாணவர்க்கும் உரைப்பதற்கு ஒரு பொருள் கிட்டுகிறது. நன்னூலார் 'மந்தன்' என விலக்கிய மாணவன் இங்கு உரைகோடற்கும் உரைத்தற்கும் உரியவனாகிறான்.

இதற்குச் சில தடைகளும் உள்ளன. இரு பாடவேளைகள் தொடர்ந்து தேவைப்படும். ஓராசிரியரே பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில் குழுக்களை மேற்பார்வையிடல் கடினம். மாணவர் தவறாக விளக்கினால் அத்தவறு பரவவும் கூடும். உரைத்தலுக்கு முன் கேட்டலை முதன்மைப்படுத்திய நன்னூலின் வரிசைமுறையைப் பின்பற்றுதலும், இறுதி வலுவூட்டலைக் கைவிடாதிருத்தலும் கடைசித் தடைக்குத் தீர்வாகும். பெற்றோரின் தொழிலைக் கேட்டறியும்போது சாதி அடையாளம் வெளிப்பட்டு மாணவர் நாணமுறும் நிலை நேராதபடி, சொற்களை ஊரிலுள்ள எவரிடமும் திரட்டலாம் என ஆசிரியர் முன்னரே அறிவித்தல் இன்றியமையாதது.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தமிழில் கேட்டல் என்பது செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருங்கே குறிக்கும். நன்னூலின் பாடங்கேட்டல் பகுதி இவ்விரண்டையும் மாணவர் கடமையாக்குகிறது.

2. புலமையின் நான்கு கூறுகளுள் மூன்று, ஆசிரியர் உரைத்தலுக்கு அப்பால் மாணவர் செயலால் நிறைவுறுவன என நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றுள் பாதி, பிறர்க்கு உரைத்தலால் வருவது.

3. செயல்வழிக் கற்றலும் படைப்பாற்றல் கல்வியும் உடன்பயில்வோர் பங்கை மீட்டெடுத்துள்ளன. உரைத்தலாகிய பங்கு முன்னதில் படிநிலையாக அமையவில்லை; பின்னதில் குழுவில் ஒருவரோடு அமைந்துவிட இடமுண்டு.

4. நன்னூலின் பயில்முறை விரிவானதாயினும் அதன் மாணாக்கர் வரையறை குறுகியது. பொதுப்பள்ளியின் திறந்த வாயிலோடு இணையும்போதே அம்முறை முழுப்பயன் தரும்.

5. கீழ்வேளூர் போன்ற வட்டாரங்களில் உழைப்போர் மொழியைப் பாடப்பொருளாக்குவதால், உரைக்கும் வாய்ப்பு எல்லா மாணவர்க்கும் கிட்டும். வளரறி மதிப்பீட்டில் மாணவர் எழுப்பிய வினாவுக்கும் பிறர்க்கு அளித்த விளக்கத்துக்கும் தனி இடம் ஒதுக்குதல் இதனை நிலைபெறச் செய்யும்.

முதற்காலை ஆசிரியர் அளிக்கிறார். அடுத்த காலை உடன்பயில்வோர் அளிக்கின்றனர். எஞ்சிய பாதியை மாணவர் தாமே பேசிப் பெற வேண்டும். அதற்குரிய வேளையையும் துணிவையும் வகுப்பறை அவர்க்கு வழங்குதல் வேண்டும்.